விலை மட்டும் பாக்கி

ராஜா அண்ணாமலைபுரத்தில் நடுத்தர வருவாய்க் குடியிருப்புக் கழகம் கட்டிய நான்கு மாடிக் கட்டடத்தில் எல்லாமே இருந்தது. சுவர் இருந்தது, சுவருக்கு வெள்ளை இருந்தது, ஜன்னலுக்குக் கம்பி இருந்தது, குழாயைத் திறந்தால் சில நாட்களில் தண்ணீர்கூட வந்தது. விலை மட்டும் இல்லை. விலை இல்லாத வீட்டை விற்கக் கழகத்தின் விதியில் இடமில்லை. ஆகவே கட்டி முடித்த நாளிலிருந்து அது பூட்டிக் கிடந்தது.

சாதாரண ஜனங்களாக இருந்தால் செங்கல் இவ்வளவு, சிமெண்ட் இவ்வளவு, கொத்தனார் கூலி இவ்வளவு என்று கூட்டி, மேலே கொஞ்சம் லாபம் வைத்து விலை சொல்லியிருப்பார்கள். கழகம் அப்படி அற்பமாக நடந்துகொள்ளவில்லை. அடுக்குமாடி வீடு என்பது வெளிநாட்டில் பிறந்த சங்கதி. அங்கே அது என்ன விலைக்குப் போகிறது என்று தெரியாமல் இங்கே விலை வைப்பது அறியாமை என்று 1971-ல் ஒரு கூட்டத்தில் தீர்மானம் போட்டார்கள். அந்தத் தீர்மானத்தின் வயிற்றில் பிறந்ததுதான் பன்னாட்டு வீட்டு விலை ஒப்பீட்டுக் குழு. அதற்கு ஒரு தலைவர், ஒரு புள்ளிவிவர அதிகாரி, ஒரு ஸ்லைடு காட்டும் இயந்திரம், நிறைய விமானப் பயணம்.

கட்டடத்தின் தரைத் தளத்து முதல் வீடு குலுக்கலில் இசக்கிமுத்துவுக்கு விழுந்திருந்தது. தியாகராய நகரில் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் பட்டுப் பிரிவில் நிற்பவர். திருச்செந்தூர்ப் பக்கத்து ஆள். மெட்ராஸுக்கு வந்து இருபது வருஷம், அதே கடை, அதே வேலை. கையிலிருந்ததையெல்லாம் முன்பணமாகக் கழகத்தில் கட்டிவிட்டு, விலை தெரிவதற்காகக் காத்திருந்தார். அவர் மனைவி தங்கபுஷ்பம் குலுக்கல் முடிந்த அன்றே பால் காய்ச்சுவதற்கென்று ஒரு புது வெண்கலப் பானை வாங்கி, கழுத்தில் மஞ்சள் கட்டிப் பரணில் கவிழ்த்து வைத்தாள்.

அவர்கள் குடியிருந்தது மயிலாப்பூரில், ஜெயலக்ஷ்மி அம்மாள் வீட்டின் பின்கட்டில். ஓர் அறை, ஒரு தாழ்வாரம், ஆறு குடும்பத்துக்குப் பொதுவாக ஒரு கிணறு. மகள் சுந்தரவல்லியைச் சாத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் உண்டாகியிருக்கிறாள் என்று செய்தி வந்ததும் தங்கபுஷ்பம் சந்தோஷப்பட்டது அரை நாள்தான். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். அது பெற்றவர்கள் கடமை. அழைத்து வந்து எங்கே படுக்கவைப்பது? வீட்டுக்காரம்மாவிடம் போய் நின்றாள்.

"எனக்கு உங்க மேலே விரோதம் ஒண்ணுமில்லேடிம்மா," என்றாள் ஜெயலக்ஷ்மி அம்மாள். "நல்ல மனுஷா நீங்க. ஆனா இந்தாத்துல பிரசவம் வெச்சுக்கப்படாது. ஆஸ்பத்திரியிலே பெத்துண்டாலும் இங்கேதானே திரும்பி வரணும்? கிணறு பொது. தீட்டு கலந்துடுத்துன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது? அதான் சொந்தமா வீடு விழுந்திருக்கேன்னு சொன்னேளே, சட்டுனு அங்கே போயிடுங்கோளேன்."

வேறு இடம் பார்க்கலாம் என்று இசக்கிமுத்து கோடம்பாக்கம் வரைக்கும் அலைந்தார். போன இடத்திலெல்லாம் முன்பணம் கேட்டார்கள். அவருடைய முன்பணம் ஏற்கெனவே கழகத்திடம் போய் உட்கார்ந்திருந்தது. ஆக, பேரனோ பேத்தியோ பிறப்பதற்குள் ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டுக்கு விலை பிறந்தாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் புருஷனும் பெண்சாதியுமாக அந்த வீட்டைப் பார்க்கப் போவார்கள். காவலுக்கு இருந்த முனியன் கதவைத் திறந்துவிடுவான்.

"உன் வூடு பத்தரமா கீது சார். காத்து, வெளிச்சம் எல்லாம் தாராளமா வந்துகினு கீது. நீதான் வர்ல," என்பான்.

தங்கபுஷ்பம் கூடத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பார்ப்பாள். கூரையில் மின்விசிறி மாட்ட ஒரு இரும்புக் கொக்கி விட்டிருந்தார்கள். "விசிறி எதுக்கு? தொட்டில் கட்டலாம்," என்றாள். "ஜன்னல் காத்து நேரா புள்ளை மேல வரும்." முனியன் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, கொக்கியைப் பிடித்துத் தொங்கிக் காட்டி, அது தாங்கும் என்று நிரூபித்தான்.

அப்போதுதான் குழுவிடமிருந்து அழைப்பு வந்தது. முதல் எண் வீட்டை ஒதுக்கீடு பெற்றவர் என்ற தகுதியால் இசக்கிமுத்து 'வாங்குவோர் பிரதிநிதி' ஆக்கப்பட்டிருந்தார். கடையில் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, குழு அலுவலகம் இருந்த வாடகை பங்களாவுக்குப் போனார்.

கிளம்பும்போதே தங்கபுஷ்பம் சொல்லிக்கொடுத்து அனுப்பினாள். "வெலையைப் பத்திக் கேட்டாவன்னா, கூடுதல்னு சொல்லுங்க. அழுத்திச் சொல்லுங்க. கொஞ்சம் கொறைப்பாவ."

குழுத் தலைவர் கனகராஜ் அப்போதுதான் லண்டனிலிருந்து திரும்பியிருந்தார். விளக்கை அணைத்து ஸ்லைடு காட்டினார்கள். ஒவ்வொரு படத்திலும் ஒரு கட்டடம், கட்டடத்துக்கு முன்னால் ஓவர்கோட்டில் தலைவர். தலைவர் அகலமானவர். படங்களில் கட்டடத்தின் ஓரங்கள் மட்டும் தெரிந்தன.

"லண்டன் மாநகரிலே," என்று ஆரம்பித்தார் தலைவர், "ஒருவன் அடுக்குமாடியில் வீடு வாங்கினால் தொண்ணூற்றொன்பது ஆண்டுகளுக்குத்தான் வாங்குகிறான். அதன் பிறகு அது அவனுடையது அல்ல. இதைக் கேட்டபோது என் கண்கள் பனித்தன. என்ன பெருந்தன்மை! நம் நாட்டு மனிதனைப் பாருங்கள். காசு கொடுத்து வாங்கிவிட்டான் என்பதற்காக அந்த வீட்டையே வைத்துக்கொள்ளப் பார்க்கிறான். நம் கழகம் இத்தனை நாளாக வீட்டைக் கொடுக்காமல் இருப்பதன் மூலம், நாம் அறியாமலே லண்டனை எட்டிப் பிடித்திருக்கிறோம் என்பதைப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். இருட்டில் இசக்கிமுத்துவும் தட்டினார். விளக்கைப் போட்டதும் தலைவர் அவர் பக்கம் திரும்பினார்.

"நம் வீட்டின் உத்தேச விலை இருபத்தையாயிரம். வாங்குவோர் பிரதிநிதி தமது கருத்தைக் கூறலாம்."

இசக்கிமுத்து எழுந்து நின்றார். கூடுதல் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் இருபது வருஷப் பழக்கம் என்று ஒன்று இருக்கிறது. கடையில் சேர்ந்த முதல் நாளே முதலாளி அண்ணாச்சி சொல்லிக்கொடுத்த பாடம்: விலை என்று எவன் கேட்டாலும் மலிவு என்று சொல்ல வேண்டும், பெற்ற தாய் வந்து கேட்டாலும். விலை என்ற சொல் காதில் விழுந்ததும் இசக்கிமுத்துவின் வாய் அவரைக் கேட்காமலே வேலையை ஆரம்பித்துவிட்டது.

"கொள்ளை மலிவு சார். மெட்ராஸ் பூராவும் அலைஞ்சாலும் இந்த விலைக்குக் கிடைக்காது. நேத்துக்கூட ஒரு அம்மா இதையே ரெண்டா எடுத்துட்டுப் போனாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது. உட்கார்ந்துவிட்டார்.

"குறித்துக்கொள்ளுங்கள்," என்றார் தலைவர் குரல் தழுதழுக்க. "மக்களே மலிவு என்கிறார்கள். எவ்வளவு மலிவு? ஸ்வீடனைவிட மலிவா? ரஷ்யாவைவிட மலிவா? இது தெரியாமல் நாம் எப்படி உறங்குவது?"

அடுத்த வாரமே உறங்குவதற்காக ஸ்டாக்ஹோமுக்கும் மாஸ்கோவுக்கும் டிக்கெட் எடுத்தார்கள்.

நடந்ததைக் கேட்டுத் தங்கபுஷ்பம் தலையில் கை வைத்துக்கொண்டாள். "வீட்டு விஷயம் பேசப் போற இடத்துக்குமா கடையைத் தூக்கிட்டுப் போவிய? ஒங்க வாயை அண்ணாச்சிகிட்ட கழட்டிக் குடுத்துட்டுப் போயிருக்கலாம்."

இசக்கிமுத்துவுக்கு அவமானமாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்துத் தலைவர் திரும்பி வந்தார். இந்தத் தடவை ஓவர்கோட்டோடு தொப்பியும் இருந்தது. மே மாதம். பங்களாவில் மின்விசிறி சுற்றிய காற்று அடுப்படிக் காற்று மாதிரி இருந்தது.

"ஸ்டாக்ஹோம் நகரில் ஒரு குடும்பம் வீட்டை மட்டும் வாங்குவதில்லை, சூட்டையும் வாங்குகிறது," என்றார் தலைவர். "சுவரோரம் குழாய் வைத்து வெந்நீரை ஓடவிட்டு வீட்டைச் சூடாக்குகிறார்கள். அதற்குத் தனிக் கட்டணம். நான் திரும்பி வந்து மீனம்பாக்கத்தில் இறங்கியவுடன் திடுக்கிட்டேன். அதே சூடு! ஏன், அதைவிட உயர்தரமான சூடு! இதை நம் மக்களுக்கு இதுவரை ஒரு காசு வாங்காமல் வழங்கி வந்திருக்கிறோம். இந்தச் சலுகையை விலையில் காட்டாமல் விட்டது நிர்வாகத்தின் பிழை. அதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறேன்."

உத்தேச விலையோடு வெப்பச் சலுகைக் கட்டணம் என்று ஒன்று சேர்ந்தது.

மாஸ்கோவில்தான் சிக்கல். அங்கே வீட்டை அரசாங்கமே கொடுத்துவிடுகிறதாம், விலை கிடையாதாம். புள்ளிவிவர அதிகாரி அஃப்சருன்னிசா பேனாவை எடுத்தார். படித்த பெண்மணி, குழுவில் சேர்ந்த புதிதில் நிறையக் கேள்வி கேட்டவர் என்று சொல்வார்கள். இப்போது குறைத்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்கோவுக்குப் பூஜ்யம் போட்டுடவா சார்?"

"பூஜ்யம் ஒரு விலை அல்ல, அம்மா. கேட்டால் விலை சொல்லத் தெரியாத நாடு. கேள்விக்குறி போடுங்கள்."

கேள்விக்குறி போட்டார்.

"இன்னொண்ணு சார். பவுண்டையும் ஸ்வீடன் காசையும் எப்படி சார் ஒண்ணாக் கூட்டறது?"

"கூட்டுங்கள். நாடுகள் ஒன்றுசேர வேண்டும் என்பதுதானே நம் நோக்கம்?"

அவர் தலைவரை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கூட்டினார். அவருக்கும் குடும்பம் இருந்தது.

கூட்டம் முடியும் நேரத்தில் இசக்கிமுத்து எழுந்து, இந்த மாசம் விலை சொல்லிவிடுவார்களா என்று கேட்டார். மகளுக்கு ஐந்து மாதம் ஆகிறது என்பதையும் சொன்னார். தலைவர் மனம் உருகிக் கேட்டுக்கொண்டார். "உங்கள் மகளுக்காகத்தான் நான் ஜப்பான் போகிறேன்," என்றார்.

ஜப்பானிலிருந்து அவர் கொண்டுவந்தது ஒரு புதிய அளவுமுறை. அங்கே வீட்டைச் சதுர அடியில் அளப்பதில்லை, அறைக்கு இத்தனை பாய் என்று பாயை விரித்து அளக்கிறார்கள் என்று கண்டுபிடித்திருந்தார். அப்படியானால் ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டையும் பாய் போட்டு அளக்காமல் டோக்கியோவோடு எப்படி ஒப்பிடுவது? பத்தமடையிலிருந்து கோரைப்பாய் தருவித்தார்கள். ஒரு பாய் என்பது ஒரு மனிதன் படுக்கும் அளவாக இருக்க வேண்டும் என்பதால், அளவுக்கு ஒரு மனிதன் தேவைப்பட்டான். வாங்குவோர் பிரதிநிதியைக் கூப்பிட்டனுப்பினார்கள்.

இசக்கிமுத்து தமது கூடத்தில், தொட்டில் கொக்கிக்கு நேர் கீழே, பாயில் மல்லாந்து படுத்தார். கையை ஒட்டி வைக்கச் சொன்னார்கள், வைத்தார். காலை நீட்டச் சொன்னார்கள், நீட்டினார். அதிகாரிகள் சுற்றி நின்று நாடா பிடித்தார்கள். நம் நாட்டு மனிதனின் சராசரி நீளத்துக்கு இவரை எடுத்துக்கொள்ளலாமா, அல்லது தென் மாவட்டத்துக்காரர் என்று கழிக்க வேண்டுமா என்று விவாதம் நடந்தது. ஜன்னல் வழியாகக் கடல் காற்று வந்தது. நாள் முழுக்கக் கடையில் நின்றே வேலை பார்க்கும் மனிதர். விவாதம் முடிவதற்குள் தூங்கிப்போனார்.

எழுந்தபோது ஒருவரும் இல்லை. முனியன் மட்டும் வாசற்படியில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

"அல்லாரும் துன்ன பூட்டாங்க சார். நீ இன்னாத்துக்கு எழுந்துக்கினே? தூங்கு. உன் வூடுதான?"

இசக்கிமுத்து கொஞ்ச நேரம் கொக்கியைப் பார்த்தபடியே படுத்திருந்தார். இவ்வளவு நல்ல வீட்டில் இதுவரை ஒருவருமே குடியிருக்கவில்லை என்பதை நினைக்க அவருக்குத் தாங்கவில்லை.

சாத்தூரில் வளைகாப்பு நடந்தது. அழைத்துப் போக நாள் பார்த்தாயிற்றா என்று சம்பந்தி வீட்டில் கேட்டார்கள். புது வீடு தயாராகிக்கொண்டிருக்கிறது என்று தங்கபுஷ்பம் சொல்லிவிட்டு வந்தாள். இறுதி அறிக்கைக்கு நாள் குறித்தாயிற்று என்று கழகத்தில் சொல்லியிருந்த தைரியம்தான்.

அந்த நாளும் வந்தது. இந்தத் தடவை கூட்டம் பங்களாவில் இல்லை, ராஜா அண்ணாமலைபுரத்துக் கட்டடத்திலேயே என்று ஆள் வந்து சொன்னதும் தங்கபுஷ்பத்துக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "சாவியைக் கையில குடுக்கத்தான் அங்க கூப்பிடுதாவ," என்றாள். பரணிலிருந்து பானையை இறக்கித் துடைத்து வைத்தாள்.

கட்டட வாசலில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. மூன்றாவது மாடியில் கூட்டம். அஃப்சருன்னிசா எழுந்து அறிக்கையைப் படித்தார். லண்டன் பவுண்டையும் ஸ்டாக்ஹோம் குரோனாவையும் டோக்கியோ யென்னையும் கூட்டி, கேள்விக்குறியையும் ஒரு நாடாக மதித்து நான்கால் வகுத்ததில், உலகத்தில் ஒரு வீட்டின் நியாயமான விலை இருபது லட்சத்துச் சொச்சம் என்று தெரியவந்திருந்தது.

"எந்த ஊர்க் காசு, சார்?" என்று கேட்டார் இசக்கிமுத்து.

"பன்னாட்டுக் காசு," என்றார் தலைவர். "நம் உத்தேச விலையோ, சலுகைக் கட்டணமெல்லாம் சேர்த்தும் முப்பதாயிரம்தான். இதைப் பற்றி வாங்குவோர் பிரதிநிதி என்ன நினைக்கிறார்?"

இசக்கிமுத்து எழுந்தார். பல்லைக் கடித்துக்கொண்டார். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தது. அண்ணாச்சி, கடை, இருபது வருஷம் எல்லாவற்றையும் ஒரு பக்கம் ஒதுக்கித் தள்ளிவிட்டு, வேர்த்து விறுவிறுத்துச் சொல்லியே விட்டார்.

"கூடுதல், சார்."

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "கூடுதலா? எதோடு ஒப்பிட்டு? ஐயா எந்தெந்த நாட்டில் வீடு பார்த்திருக்கிறீர்கள்?"

"மயிலாப்பூர்ல சார்... அப்புறம் கோடம்பாக்கம்."

"இது பன்னாட்டுக் குழு," என்று மிகவும் பரிவோடு சொன்னார் தலைவர். இசக்கிமுத்துவின் பதிலை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

பிறகு தலைவர் முடிவைச் சொன்னார். "இருபது லட்சம் பெறுமானமுள்ள வீட்டை முப்பதாயிரத்துக்குக் கொடுத்தால் கழகத்துக்குத் துரோகம். இருபது லட்சம் கேட்டால் ஏழை எளிய மக்களுக்குத் துரோகம். இரண்டு துரோகத்தையும் செய்ய இக்குழுவுக்கு மனம் வரவில்லை. ஆகவே விற்காமலிருப்பதே மக்களுக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி. ஆனால் கட்டிய கட்டடம் வீணாகக் கூடாதல்லவா? இன்று முதல் நம் குழு, பன்னாட்டு வீட்டு விலை ஒப்பீட்டு ஆய்வகமாக இக்கட்டடத்தில் நிரந்தரமாக இயங்கும். முன்பணம் கட்டியவர்கள் கவலைப்பட வேண்டாம். அது எங்களிடம் பத்திரமாக இருக்கிறது."

கடையில் நாற்பது புடவையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "அப்புறம் வர்றோம்" என்று எழுந்து போகிறவர்களை இசக்கிமுத்து தினமும் பார்க்கிறவர். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் அவர்கள்கூடப் பிரித்துப்போட்ட புடவையின் மேலேயே படுத்துக்கொண்டு குடியிருக்க ஆரம்பித்ததில்லை. அவருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. யாரை அடிப்பது என்று தெரியாததால் எல்லோருடனும் காப்பி சாப்பிடக் கீழே இறங்கினார்.

காப்பி தரைத் தளத்தில், முதல் வீட்டில். குழாய் அங்கேதான் ஒழுங்காக வருகிறது என்று கேண்டீனை அங்கே வைத்திருந்தார்கள். கூடத்தில் பெஞ்சு போட்டிருந்தது. கூரைக் கொக்கியில் ஒரு வாழைத்தார் தொங்கிக்கொண்டிருந்தது. காவல் வேலையிலிருந்து கேண்டீனுக்கு மாறியிருந்த முனியன், புது அடுப்பில் பெரிய அண்டாவை ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். இசக்கிமுத்துவைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"நான் இன்னா சார் பண்றது? இங்கதான் போடுன்னு சொல்ட்டாங்க."

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே பால் புசுபுசுவென்று எழும்பி வழிந்தது. "மங்களகரம்!" என்று கை தட்டினார் தலைவர். எல்லோரும் தட்டினார்கள். முனியன் அவசரமாக அண்டாவை இறக்கி, தம்ளரில் காப்பியை ஆற்றி இசக்கிமுத்துவிடம் நீட்டினான். குடித்து முடித்ததும் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்.

"தப்பா நெனச்சிக்காத நைனா. முப்பது பைசா. ஆபீசர்ங்களுக்குத்தான் ஓசி."

இசக்கிமுத்து சட்டைப் பையைத் தடவி எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து சேரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். தங்கபுஷ்பம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவர் கையைப் பார்த்தாள், சாவி இல்லை. முகத்தைப் பார்த்தாள், கேட்பதற்குப் பயமாக இருந்தது.

"என்ன ஆச்சு?"

"பால் காய்ச்சிட்டாவ."

"நம்ம வீட்டுலயா?"

"நம்ம வீட்டுலதான்."

"பொங்குச்சா?"

"பொங்குச்சு."

"எந்தப் பக்கம்?"

"கிழக்க."

நல்ல சகுனம். யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. உள்ளே போனாள். துடைத்து வைத்திருந்த வெண்கலப் பானையின் கழுத்திலிருந்த மஞ்சளை அவிழ்த்தாள். ராத்திரிக்கு வைத்திருந்த பாலை அதில் ஊற்றி மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் ஏற்றினாள்.

"சாத்தூருக்கு எழுதிப் போட்டுருங்க," என்றாள் அவரைப் பார்க்காமல். "புள்ளை அங்கேயே இருக்கட்டும்னு."

பால் விளிம்பு வரைக்கும் எழும்பி வந்தது. அவள் சட்டென்று ஸ்டவ்வை அணைத்தாள். பொங்க விட்டால் வீட்டுக்காரம்மா தரையைக் கழுவச் சொல்லுவாள்.